கடவுளா, மனுஷனா?

மூடிய கதவுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, காலையிலிருந்து மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள் சம்பந்திகள் இருவரும்.

"இயேசு பெரிய மகான், ஒத்துக்கறேன். ஆனா கடவுள் ஒருத்தர்தான் சம்பந்தி," என்றார் யூனிட்டேரியன் சபைக்காரரான போல்டிசார்.

"அந்த ஒருத்தரே இயேசுதான்! உங்க சபைக்கு மட்டும் இது ஏன் மண்டையில ஏறமாட்டேங்குது?" என்று எகிறினார் கத்தோலிக்கரான கெலமென்.

"எதுக்கு வீண் பேச்சு? அரைமணியில முடிவு தெரிஞ்சிடும். தோத்தவர் ஒரு பாட்டில் பிளம் சாராயம் வாங்கணும்."

"வாங்கத்தானே போறீங்க!"

போல்டிசார் மூடிய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். போன இரண்டு தடவையும் தீர்ப்பு கெலமென் பக்கம்தான் போயிருந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் சிரித்தபடி கெலமெனிடம் வந்தாள்.

"இரட்டைக் குழந்தைங்க! ஒரு பையன், ஒரு பொண்ணு. உங்க மருமக நல்லா இருக்காங்க."

கலப்புத் திருமணம் என்றால் பையனுக்கு அப்பாவின் சபை, பெண்ணுக்கு அம்மாவின் சபை. டிரான்சில்வேனியாவில் அதுதான் வழக்கம். முன்பு பிறந்த இரண்டும் பையன்கள். ஆக, இனி ஒரே தொட்டிலில் தலைமாட்டில் இயேசு கடவுள், கால்மாட்டில் மனிதர்.

போல்டிசார் கண்கலங்கிச் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார். கெலமென் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மறுகணம் இருவரும் பாய்ந்துபோய் நர்ஸை மறித்தார்கள்.

"முதல்ல பொறந்தது எது?"