திருப்பி வைத்த செருப்பு

அந்தக் கடலோர விடுதியில் தேநீர் கடலைவிடக் குளிர்ந்திருந்தது. மீன் துண்டு அவ்வளவு மெல்லிசு, அதன் வழியே நாளிதழே படிக்கலாம். ஆனால் அங்கே தங்கிய இசோகாய் கருத்து அட்டையில் எழுதியது ஒன்றைத்தான்: "விருந்தாளி கிளம்ப வசதியாக, பணிப்பெண் செத்சு செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைக்கவில்லை." எழுபது வயதுக்காரிக்கு அன்றே வேலை போயிற்று.

மறுநாள் முதல் இசோகாயின் மலையூர் வீட்டில் தினமும் காலையில் அவர் செருப்பு வாசல் பார்த்துத் திரும்பியிருந்தது, ஈரக் கடல் மணலோடு.

"இந்த வயசுல என்னங்க திடீர் ஒழுக்கம்?" என்று மனைவி தோமியே சிரித்தாள்.

இசோகாயால் சிரிக்க முடியவில்லை. ஒரு மாலை செருப்பின் முன் தலைகுனிந்து, "செத்சு அக்கா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. உள்ள வந்து ஒரு வாய் சூடா டீ குடிச்சிட்டுப் போங்க," என்றார்.

காலையில் பக்கத்தில் இன்னொரு ஜோடி, சிறிய ஈரச் செருப்பு, வீட்டுக்குள் பார்த்தபடி இருந்தது. அவர் அதை மரியாதையாக வாசல் பார்த்துத் திருப்பி வைத்தார். நிமிர்வதற்குள் அது மறுபடி உள்ளே பார்த்திருந்தது.