மூன்றாவது சீட்டு

வழக்கம்போல் நிற்கத்தான் இடம். பாறசாலையில் பஸ் ஏறிய சாராம்மா கம்பியைப் பிடித்தபடி மூன்றாவது சீட்டைப் பார்த்தாள். பகீரென்றது.

ஜன்னலோரம் ஓர் இளம்பெண் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் முரட்டு மீசைக்காரர். அவள் பை அவர் மடியில். பூப்போட்ட உறை மாட்டிய போன் அவர் சட்டைப் பையில்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தில் நடந்த ஆள் கடத்தல் விழிப்புணர்வு வகுப்பில் சொன்னதெல்லாம் அப்படியே எதிரே உட்கார்ந்திருந்தது!

சாராம்மாவோடு பஸ் ஏறிய, நெய்யாற்றின்கரை ஜவுளிக்கடையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்களும் அதே வகுப்புக்குப் போனவர்கள்தான். கண்ஜாடை போதும். சீட்டைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"எந்தினா மோளே கரையுன்னது?" ஏன் அழுகிறாய் என்று சாராம்மா மலையாளத்தில் கேட்டாள்.

"ஒந்நுமில்லா சேச்சி," என்று மலையாளத்தில் முனகினாள் அவள்.

"இந்தப் பிள்ள உங்களுக்கு ஆரு அண்ணே?"

"எனக்க மவளாக்கும். பேரு லிஷா," என்றார் அவர், தமிழில்.

அவருக்கு ஒரு பாஷை, அவளுக்கு ஒரு பாஷை! வகுப்பெடுத்த அதிகாரி இதையும் சொல்லியிருந்தார். சாராம்மா வீட்டிலேயே புருஷன் தமிழ், பிள்ளைகள் மலையாளம். அது அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தால்தானே?

"அவளுக்க போன் உங்க கையில எதுக்கு?"

"அதக் கேக்க நீங்க ஆரு?"

"வகுப்புக்குப் போனவங்களாக்கும்! கண்டக்டரே, வண்டிய போலீஸ் ஸ்டேஷனுக்கு விடுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மீசைக்காரர் முகம் தொங்கிப்போனது.

"ஐயோ சேச்சி, இது எனக்க அப்பா!" என்று பதறினாள் லிஷா.

"இப்பிடிச் சொல்லத்தான் பழக்கி விடுவானுவ மக்கா. பேடிக்காண்டாம், பயப்படாத. அம்மைக்கு வீடியோ கால் போடு."

சட்டைப் பையிலிருந்த போனை மீசைக்காரரே எடுத்துக் கால் போட்டுக் காட்டினார். போனில் வந்த அம்மாவுக்கு அச்சு அசலாக லிஷாவின் முகம். விஷயத்தைக் கேட்டதும் அங்கிருந்து பொரிந்து தள்ளினாள்.

"அவளுக்க அப்பனேதான்! எங்க வார்டுல அந்த வகுப்பக் கேட்டுட்டு வந்த நாள்முதல் மனுஷன் பேடிச்சுச் சாவுதாரு. தனியா பஸ்ஸுல போவாண்டாம், நர்சிங்கும் படிக்காண்டாம்னு டிசி வாங்கக் கூட்டிட்டுப் போறாரு. விடாதீங்க, பிடிச்சு வையுங்க!"

சாராம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிக்கணும் அண்ணே."

அவர் நெய்யாற்றின்கரை வரை அந்தப் பெண்களையே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கியதும் நேரே சாராம்மாவிடம் வந்தார். செம திட்டு விழப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பையையும் போனையும் மகள் கையில் கொடுத்தார். "கிளாஸுக்கு நேரமாச்சுல்லா? ஓடு மக்கா."

பிறகு சாராம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க இனி நின்னுட்டு வராண்டாம் தங்கச்சி. நாளையில இருந்து எனக்க மவ தனியாத்தான் வருவா. பக்கத்துல உங்களுக்கு ஒரு சீட்டு பிடிச்சு வைப்பா."