ஏழு எண்ணிக்கை

பதிப்பகத்திலிருந்து வந்திருந்த இகாவா, இசைக்குறிப்பின் அந்த ஒரு பக்கத்தை விரித்து இசையமைப்பாளர் மிசுகோஷியின் முன் நீட்டினாள்.

நாளை அச்சுக்குப் போகிறது. இனி மாற்ற முடியாது. அவர் கைப்பட எழுதிய பிரதியில் அந்த இடத்தில் பெருமுரசு ஒருமுறை முழங்க வேண்டும். மேடையிலோ இருபத்தாறு வருடமாக அங்கே ஏழு எண்ணிக்கை அமைதிதான். எதைப் போடுவது?

கனசாவா அரங்கில் ஒத்திகைக்கு உட்கார்ந்திருந்த எழுபது பேரும் சிரித்தார்கள். இதையெல்லாமா கேட்பது?

அந்த அமைதிதான் மிசுகோஷி. வியன்னாவுக்கும் பாஸ்டனுக்கும் அவரை இசை நடத்த அழைத்தது அதற்காகத்தான். ‘மா’ என்று புகழ்ந்தன பத்திரிகைகள்: இரண்டு ஒலிகளுக்கு நடுவே வேண்டுமென்றே விடும் வெற்றிடம். அதை ஆராய்ந்து மூன்று பேர் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்கள்.

மிசுகோஷி மேடையின் பின்வரிசையைப் பார்த்தார். முரசுகளுக்குப் பின்னால் தொகுரா. அரங்கேற்றத்திலிருந்தே அவர்தான். இந்த மாதத்தோடு ஓய்வு. மதியம் சோபா நூடுல்ஸ் உறிஞ்சும்போது, உண்மையைச் சொல்லிவிடுவதென்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

“அது நான் எழுதினது இல்லைங்க. அரங்கேற்றத்தன்னைக்கு தொகுரா சான் எண்ணிக்கையைத் தவறவிட்டுட்டார். கையைத் தூக்கிட்டு அவருக்காக நின்னேன், அவ்வளவுதான். மறுநாள் பேப்பர்ல அதைப் புகழ்ந்திருந்ததைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல ரெண்டு பேருக்கும் வாய் வரலை.”

அரங்கம் நெகிழ்ந்துபோனது. வயலின்காரர்கள் வில்லால் இசைக்குறிப்புத் தாங்கியைத் தட்டிப் பாராட்டினார்கள். புகழைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவதுதானே மேதைகளின் வழக்கம். இகாவா இடுப்பு வளைய வணங்கினாள்.

மிசுகோஷி மறுபடி விளக்கினார். அவள் இன்னும் தாழ வணங்கினாள்.

வேறு வழியில்லாமல் இசை நடத்தும் கோலை எடுத்தார். இசை ஏறி, அந்த இடத்தில் அறுந்து நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

தொகுரா ஓங்கி அடித்தார். எழுதியிருந்த இடத்தில், எழுதியிருந்தபடி.

“பாவம், வயசாயிடுச்சு மனுஷனுக்கு” என்று முதல் வயலின் ஹிராயாமா பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தார்.

மிசுகோஷி கோலைத் தாழ்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு, தான் எழுதியதை.

நல்ல முழக்கம்தான். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

இகாவாவின் பென்சிலை வாங்கினார். முரசுக்குறியைக் கோடிழுத்து நீக்கினார். ஓரத்தில் ஏழு என்று எழுதி, அதன் கீழே எழுதியவர் பெயராகத் தொகுராவின் பெயரைத் தெளிவாகப் போட்டார்.

இகாவா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரை சமர்ப்பணப் பக்கத்துக்குக் குறித்துக்கொண்டாள்.