தெற்குச் சுவர் ரோஜா

கிளிஃபர்ட் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தார்.

டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவள் அவருடைய மனைவி டோரீன். "அஸ்தியை இங்க கொட்டக் கூடாதுன்னு வாசல்ல போர்டு போட்டிருக்கு. இருந்தாலும் என் கிளிஃபர்ட்டுக்காகக் கேட்டுப் பார்க்கலாம்னு வந்தேன். ரோஜாத் தோட்டத்தைப் பார்த்துக்கிற எனிட் நீங்கதானே?"

அந்த போர்டை எழுதி மாட்டியதே எனிட்தான். இங்கிலாந்தின் டோர்செட் பக்கம் இருக்கிற பழைய மாளிகைத் தோட்டங்களில் எல்லாம் இதே தொல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் கைப்பையில் செத்தவரைக் கொண்டுவந்து செடிக்கடியில் கொட்டிவிட்டு நைசாகப் போய்விடுவார், செடி கருகிப்போகும். போன மாதம்கூட அம்மாவின் அஸ்தியோடு வந்த ஒருவனை அழ அழத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

ஆனால் இது கிளிஃபர்ட் ஆயிற்றே.

எட்டு வருஷமாக வியாழக்கிழமை தோறும் சம்பளம் வாங்காமல் செடி கத்தரிக்க வந்த மனுஷன். வேலை முடிந்ததும் தெற்குச் சுவரோரம் எனிட்டோடு உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். அதற்கு மேல் ஒன்றுமில்லை, ஒருவர் கையை ஒருவர் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் அந்த வியாழனுக்காகத்தான் எனிட் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

போன அக்டோபரில் ஒரு வியாழன் அவர் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது, என்ன உரிமையில் கேட்பது? என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று குளிர்காலம் பூராவும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், பாவி மகள்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டாள் எனிட்.

"பக்கவாதம். ஷூ மாட்டக் குனிஞ்சவரு அப்படியே சாஞ்சுட்டாரு." மழை வந்தது, நின்றது என்பதுபோல் சொன்னாள் டோரீன்.

"எனக்குத் தெரியவே தெரியாது."

"நெருங்கினவங்களுக்கு மட்டும்தான் சொன்னோம்."

எனிட் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலைலேர்ந்து ரெண்டு சர்ச்சு, ஒரு கோட்டைன்னு சுத்திட்டு வர்றோம்" என்றாள் டோரீன், டப்பாவைத் தடவியபடி. "அவருக்குப் பிடிச்ச இடமெல்லாம் ஒரு தடவை காட்டிடலாமேன்னு. கடைசியா இங்க. எந்தச் செடின்னு நீங்களே சொல்லுங்க. அவருக்கு எது இஷ்டம்னு உங்களுக்குத்தானே தெரியும்."

இவளுக்கு ஏதாவது தெரியுமோ? எனிட் பயத்தோடு அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

தெற்குச் சுவரில் படர்ந்திருந்த வெள்ளை ரோஜாவுக்கு அழைத்துப்போனாள். கிளிஃபர்ட் நட்டது. மண்வெட்டி எடுக்கப் பொறுமையில்லாமல் கையாலேயே மண்ணைத் தோண்டினாள்.

"நீங்களே போட்டுடுங்க. எனக்கு முட்டி மடங்காது" என்றாள் டோரீன்.

எனிட் டப்பாவுக்குள் கைவிட்டு அள்ளினாள். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிடிக்காத கை, இப்போது அவள் கைக்குள் சாம்பலாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மண்ணை மூடி, யாரையோ தூங்கவைப்பதுபோல் மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள்.

"ஏன் அழறீங்க?"

"அழலையே. கண்ல தூசி."

"இருக்கும். தூசிதானே" என்றாள் டோரீன். எனிட் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை அவசரப்படாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "உங்களைப் பத்தி அவரு வீட்டுல ஒரு வார்த்தை பேசினதில்லை. ஒரே ஒரு வார்த்தைகூட" என்றாள்.

எனிட் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "ஒரு டீ குடிச்சுட்டுப் போங்களேன். ஸ்கோன் ரொட்டி இப்பத்தான் சூடா வந்திருக்கு."

"வேண்டாங்க. கார்ல விட்டுட்டு வந்திருக்கேன். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கித்தான் வச்சிருக்கேன், இருந்தாலும் வெயிலு."

"நாயையா? இந்த வெயில்ல நாயைக் கார்ல அடைக்கலாமா? போங்க, முதல்ல போய்ப் பாருங்க."

டோரீன் காலி டப்பாவை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

எனிட்டுக்கு மனசு கேட்கவில்லை. போன கோடையில் இதே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு ஸ்பானியல் நாய் நாக்குத் தள்ளிச் செத்துப்போனது. கிளிஃபர்ட்டின் வீட்டு நாய் வேறு, அதையாவது ஒரு தடவை பார்த்துவிடலாமே. டீக்கூடாரத்தில் நாய்களுக்கென்று வைத்திருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

எலுமிச்சை நிறக் கார், கோடியில் இருந்த மரத்தடியில் நின்றது. டோரீன் அப்போதுதான் ஏறிக் கதவைச் சாத்தினாள். எனிட் காரின் பின்புறம் போய்ச் சேர்ந்தபோது, இறக்கியிருந்த ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. வாய் கோணி, பாதி எழுத்து விழுங்கப்பட்ட குரல். ஆனாலும் எட்டு வருஷத்து வியாழக்கிழமைக் குரல் அவளுக்குத் தெரியாதா என்ன?

"சொன்னியா, டோரீன்? நான் வந்திருக்கேன்னு... எனிட்கிட்ட சொன்னியா? வர்றாளா?"

கிண்ணத்துத் தண்ணீர் எனிட்டின் காலில் கொட்டியது. இருக்கையில் சாய்த்து வைத்திருந்த அந்தத் தலை பின்னால் திரும்ப முயன்று, முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

டோரீன் சாவியைத் திருப்பினாள். பக்கத்துக் கண்ணாடியில் எனிட்டைப் பார்த்தாள், கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு கணவரின் கன்னத்தை மெல்லத் தடவிக்கொடுத்துச் சொன்னாள்:

"அவ போன வருஷமே செத்துட்டாளாம், கிளிஃபர்ட்."