முந்நூறு குதிரை

“ரெண்டு எஞ்சின்! ஒவ்வொண்ணும் நூத்தைம்பது குதிரை சக்தி! அதுக்குக் குறைஞ்சா இந்தப் படகுல கால் வைக்க மாட்டேன்!”

கணவர் போட்ட சத்தத்தில் பட்டறையே அதிர்ந்தது. படகின் பின்பலகையில் எண்ணெய்த் துணி ஒன்று தொங்கியது. மெக்கானிக் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை.

“பாருங்க தம்பி, எனக்காக இவரு எப்படிச் சண்டை போடறாரு! நாலு ஞாயிறா தண்ணி மேல ஸ்கீ சறுக்கப் பழகறேன்னு படகுக்குப் பின்னாடி கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறேன். பழைய எஞ்சின் என்னைத் தண்ணியை விட்டுத் தூக்கவே இல்ல. ஏரியில பாதியைக் குடிச்சிட்டேன்!”

“இனிமே பறப்பே!” என்றார் கணவர். “ஓட்டப்போறது யாரு? நானாச்சே! வேகம்னா எனக்கு வெல்லம்!”

“சார்...” என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“என்னப்பா இழுக்கறே? படகு தாங்காதா? பரவாயில்ல, சொல்லிடு. மனசைத் தேத்திக்கறோம்.”

இதற்குள் ஏன் தேற்றிக்கொள்கிறார்?

மனைவி முகம் சட்டென்று வாடியது. “தாங்காதா தம்பி? அப்ப பழசே இருக்கட்டும். ஸ்கீ பலகையை யாருக்காவது குடுத்துடறேன். இந்த உடம்பு எங்க எழும்பப்போகுது? கரையில எல்லாரும் சிரிக்கறது சரிதான்.”

கணவர் மெக்கானிக்கைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைச் சிமிட்டினார். தூசி விழுந்துவிட்டதாம்.

மெக்கானிக் போய்த் துணியை உருவினார். அடியில் படகு கட்டியவர்கள் அடித்த தகடு. அதை அழுத்தித் துடைத்தார்.

“படிங்கக்கா.”

“அதிகபட்சம்... முந்நூறு!”

“நூத்தைம்பதும் நூத்தைம்பதும் எவ்வளவு? உங்க உடம்புல ஒரு குறையும் இல்ல. எஞ்சின்தான் சோப்ளாங்கி. ஞாயித்துக்கிழமை நின்னுக்கிட்டே வருவீங்க.”

மனைவி அங்கேயே ஒரு குதி குதித்தார். கணவர் பெட்ரோல் டப்பா மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

“சந்தோஷத்துல மனுஷனுக்குப் பேச்சே வரல, பாருங்க!”

நேற்று மெக்கானிக்கிடம் போனில் அவருக்கு நன்றாகத்தான் பேச்சு வந்தது: “நான் பெருசு பெருசுன்னு கத்துவேன். நீ படகு தாங்காதுன்னு சொல்லிடு. தகட்டு மேல ஒரு துணியைப் போட்டு மூடிடு, புண்ணியமாப் போகும். வேகம்னா எனக்கு வயித்தைக் கலக்கும்ப்பா!”