ஒரு நல்ல வார்த்தை

விமர்சகர் அறைக்குள் நுழைந்ததும், கட்டிலில் கிடந்தவரின் தலைமாட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அவர் மனைவி நிறுத்தினாள். நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டாள்.

“இங்கயே உக்காருங்க சார். ஜன்னல் காத்து வரும்.”

கிடந்தவர் பேய்க்கதை மன்னர். பஸ்ஸிலும் ரயிலிலும் அவர் நாவல் இல்லாத கை கிடையாது. ஆனாலும் ‘இது இலக்கியம்’ என்று இந்த விமர்சகர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்றுதான் மனிதர் ஆயுசு முழுக்கத் தவம் கிடந்தார். எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் பிரதி இவருக்குத்தான் போகும். இப்போது பக்கவாதம் வந்து பேச்சு போய், கை கால் போய், படுக்கையோடு படுக்கையாகிவிட்டார்.

“நாம பேசறது அவருக்கு...” விமர்சகர் தயங்கினார்.

“கட்டையாக் கிடக்கறார் சார், கண்ணைக்கூடத் திறக்கறதில்ல. தாராளமா பேசுங்க. இவர் எழுதினது இலக்கியமா, இல்லையா? எனக்கு உண்மை தெரியணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

கரும்பு தின்னக் கூலியா? விமர்சகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. கதவு கிறீச்சிடும், விளக்கு அணையும், முதல் அத்தியாயத்துலயே பொண்டாட்டி செத்துப் பேயா வருவா. எல்லா நாவல்லயும் இதேதான். இது இலக்கியமில்ல, பூச்சாண்டி.”

“அவளுக்கு மோவாய்ல மச்சம் இருக்கும்,” என்று அவள் தன் மோவாய் மச்சத்தைத் தடவினாள். “நான் கடைக்குப் போனா, ‘இந்த வாட்டி எப்படிம்மா செத்தீங்க?’ன்னு கேப்பாங்க.”

விமர்சகர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

“இருந்தாலும் படிக்கறவங்க பயந்து நடுங்கறாங்களே சார்?”

“கரப்பான்பூச்சியைப் பாத்தாக்கூடத்தான் நடுங்கறாங்க. அதுக்கு விருது கொடுப்போமா?”

“நடை நல்லா இருக்குன்னு சொல்றாங்களே?”

“நடையா? நொண்டிக்கிட்டு ஓடுது.”

அடித்துத் துவைத்துக் காயப்போட்ட பிறகு விமர்சகருக்கே மனசு கொஞ்சம் இளகியது. பாவம், படுத்துக் கிடக்கிற மனுஷன்.

“ஒண்ணு மட்டும் சொல்லணும்மா. அந்தக் கிணத்து நாவல்ல கடைசி அத்தியாயம் இருக்கே, அதைப் படிச்சிட்டு நான்...”

“ஐயோ, காபி ஆறிப்போச்சே.” அவள் டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “பூச்சாண்டின்னு சொல்லிட்டு இருந்தீங்க,” என்று எடுத்துக்கொடுத்தாள்.

விமர்சகர் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். கிணறு மறந்தே போயிற்று. “இவர் செத்த மறுநாள் ஒருத்தரும் இவர் பேரைச் சொல்ல மாட்டாங்க,” என்று முடித்தபோது காபியும் காலி.

அவள் ரேடியோவை மறுபடி போட்டு, சத்தத்தை அளவாக வைத்துவிட்டு, வாசல்வரை கூட வந்தாள்.

செருப்பை மாட்டியபடி விமர்சகர் கேட்டார்: “ஏம்மா, கட்டையாக் கிடக்கறவருக்கு ரேடியோ எதுக்கு?”

“காது மட்டும் நல்லாக் கேக்குது சார். நாளைக்கும் வாங்க.”