மேடையில் குறைந்த மணிமருந்து

"இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிக்கல, என் பேரு வேலுச்சாமி இல்ல!"

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி. அதன் போர்மேன் வேலுச்சாமி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தால் ஹோமியோபதி உருண்டை நாலை நாக்குக்கடியில் போடுவார். அன்றைக்கு எட்டு போட்டும் கோபம் இறங்கவில்லை.

எப்படி இறங்கும்? ராக்கெட்டுக்குள் வைக்கிற மணிமருந்தை மிளகு அளவில் உருட்டி மேடையில் காயப்போட்டால், ஒரு மாதமாகத் தட்டுக்குத் தட்டு குறைகிறது.

"ஆளைப் பிடி. இல்லேன்னா நீ வீட்டுக்குப் போ" என்று முதலாளி ராஜபாண்டியன் சொல்லிவிட்டார்.

மேடைக்குப் பொறுப்பு அழகுமீனா. புருஷன் இல்லை, ரெண்டு பிள்ளைகள். இல்லாதவள் கை நீளத்தானே செய்யும் என்று வேலுச்சாமி முடிவே கட்டிவிட்டார்.

அதோ, வந்துவிட்டாள்! சுற்றுமுற்றும் பார்த்தாள். மடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வேலியோரம் வீசினாள்.

அடுத்த பிடியை அள்ளியதும் பாய்ந்து போய் மறித்தார்.

"அடி கள்ளி! வேலிக்கு அந்தப் பக்கம் யாருக்கு வீசுற? கையைத் திற!"

கையை விரித்தாள். உள்ளே உருண்டை உருண்டையாய் இருந்தது. ஆனால் கருவாட்டு வாடை அடித்தது.

"கோழித் தீவனம் அண்ணாச்சி."

"இங்கன ஏது கோழி?"

"கோழிக்கில்ல, மைனாவுக்கு. அங்கன பாருங்க."

வேலியோரம் முப்பது நாற்பது மைனாக்கள் மும்முரமாய்க் கொத்திக்கொண்டிருந்தன.

"நம்ம மருந்து அதுகளுக்குத் தானியமாத் தெரியுது. மேடையில எறங்கிக் கொத்திச் சிதறடிக்குதுக. கீழ விழுந்ததுல மண்ணு ஒட்டிருது. அதைத் திரும்பத் தட்டுல போட்டா உரசித் தீப்பிடிச்சிராதா? அதான் பொறுக்கித் தண்ணி வாளியில போட்டுருதேன். குறையுறது அதுதான் அண்ணாச்சி."

வேலுச்சாமி வாளியை எட்டிப் பார்த்தார். மண்ணும் மருந்துமாய் ஊறிக் கிடந்தது.

"இங்கன வயிறு ரொம்பிட்டா மேடைக்கு வராதுல்ல? அதான் எங்க வீட்டுக் கோழித் தீவனத்தைக் கொண்டாந்து போடுதேன். மேடையில தீப்பிடிச்சா, பக்கத்து ரூமுக்குள்ள வேலை பாக்க நாலு பேரும் பிள்ளகுட்டிக்காரிக."

"இதை மொதல்லயே எங்கிட்டச் சொல்லித் தொலைக்கதுக்கென்ன?"

அழகுமீனா அவர் முகத்தையே பார்த்தாள்.

வேலுச்சாமிக்குச் சுரீரென்றது. "மன்னிச்சிரு தாயி" என்று முணுமுணுத்துவிட்டு ஆபீஸுக்கு நடந்தார்.

"என்ன வேலுச்சாமி, கள்ளன் அகப்பட்டானா?" என்றார் முதலாளி.

"அகப்பட்டான் முதலாளி. மேடைக்கு மேல வலை கட்டுங்கன்னு அழகுமீனா மூணு தடவை வந்து கெஞ்சியும், ஏன் எதுக்குன்னு கேக்காம 'சீசன் முடியட்டும், போ'ன்னு வெரட்டிவிட்டவன். ஒங்க முன்னாலதான் நிக்கான். வலை வாங்க ஆள் அனுப்பியாச்சு. அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் மட்டும் என்னைய வீட்டுக்கு அனுப்பிராதீக."